முன்னால் வரும் கொம்பு

‘தட்டச்சர், நிலை இரண்டு: எழுதித் தரப்படும் கருத்துருக்களை எழுத்து மாறாமல் தட்டச்சு செய்பவர். சொந்தமாக எதையும் சேர்க்கவோ நீக்கவோ திருத்தவோ அதிகாரம் இல்லாதவர். பொதுமக்களுடன் தொடர்பு இல்லாத பணி.’

குடிநீர் வாரியத்தின் பணி விதிகள் அவரை இப்படித்தான் வர்ணிக்கின்றன. அவருக்கு யாராவது எதையாவது எழுதித் தந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை அவர் பொதுமக்களோடு மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார், தொலைபேசியில். அவர்கள் சொல்வதை எழுத்து மாறாமல் அடித்திருந்தால் ஊரில் பாதிப் பேர் மீது வாரியம் வழக்குப் போட வேண்டியிருந்திருக்கும். “உங்க இன்ஜினீயர் வீட்டுல மட்டும் தண்ணி கொட்டுதாமே, நாங்க குடும்பத்தோட அங்க வந்து குளிச்சுக்கவா?” என்று ஒருவர் கேட்டால், அவர் அடிப்பது ‘மூன்று நாளாகக் குடிநீர் வரவில்லை’ என்று. சேர்த்தல், நீக்கல், திருத்தல் மூன்றும் அந்த ஒரு வரியில் முடிந்துவிடும்.

அலுவலகத்தில் அவருக்கு டைப்பக்கா என்று பெயர். வயது ஐம்பத்தாறு. புகார் அறை முதல் மாடியில், இரும்புக் குழாய்கள் அடுக்கிய முற்றத்தைப் பார்த்தபடி இருந்தது. மூன்று மேசை, மூன்று கணினி, இரண்டு தொலைபேசி, ஒரு மின்விசிறி. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலி அவருடையது. அதைப் பணிமூப்பால் பெற்றார் என்று மற்ற இருவரும் சொல்வார்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம் என்பதை அவர் மட்டும் அறிவார்.

அவர் அடிக்கும்போது விசைப்பலகையைப் பார்ப்பதில்லை. இதில் ஆச்சரியமில்லை, ஆனால் திரையையும் பார்ப்பதில்லை. தட்டச்சுப் பயிலகத்தில் அவருடைய ஆசிரியை விசைகள் மேல் துணியைப் போர்த்திவிட்டு, “கண்ணு எழுதின தாள்ல, விரலு எழுத்துல. அடிச்சதைத் திரும்பிப் பாக்கறவ டைப்பிஸ்ட் இல்ல, வேடிக்கை பாக்கறவ” என்று சொல்லிக்கொடுத்திருந்தார். எனவே டைப்பக்காவின் கண் எப்போதும் இடது பக்கம், தொலைபேசியில் கேட்டதைக் கிறுக்கிவைத்த குறிப்பேட்டில் இருக்கும். திரை தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும். முப்பத்துநான்கு வருடம் இந்த உடன்பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

இன்னொரு பழக்கமும் அங்கிருந்து வந்தது. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கொம்பு முதலில் வரும். ‘கொ’ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தாளில் எப்படித் தெரிகிறதோ அதே வரிசை. கணினி வந்தபோது, மெய்தான் முதலில், உயிர்க்குறி அதன் பின்னால்தான் என்று இலக்கணம் தெரிந்த யாரோ முடிவு செய்துவிட்டார்கள். ஆனாலும் பழைய விரல்களுக்கு ஒரு சலுகை வைத்தார்கள். பழைய முறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால், கொம்பை முன்னால் அடித்தாலும் அது தானாகப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். டைப்பக்காவுக்கு இப்படி ஒரு சலுகை நடப்பதே தெரியாது. அவர்தான் திரையைப் பார்ப்பதில்லையே.

பிறகு புதிய மென்பொருள் வந்தது. அதுவரை தெருப் பெயரைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே தெருவை ஐந்து விதமாக எழுதி ஐந்து தெருவாக்கியிருந்தார்கள். அதனால் இனி நானூற்றுப் பன்னிரண்டு தெருக்களும் ஒரு பட்டியலில் இருக்கும், கீழே விரியும், அதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். மற்ற இரண்டு பேரும் சுட்டியின் சக்கரத்தை உருட்டி உருட்டி, “க, கா, கி, எங்க போச்சு, ஐயோ தாண்டிட்டேன்” என்று புலம்பியபடி தேடினார்கள். எழுத்தை அடித்தாலே பட்டியல் அந்த இடத்துக்கு ஓடும் என்று பயிற்சி நாளில் சொன்னதை நினைவில் வைத்திருந்தவர் டைப்பக்கா ஒருவர்தான். அவர் அடித்தார். முதல் வாரம் அறையிலேயே அதிகப் புகார்களைப் பதிந்தவர் அவர்தான்.

இரண்டாம் வாரம் வால்வு வந்தார்.

வால்வு என்பது குழாய்களைத் திறந்து மூடும் லைன்மேன். அவருடைய உண்மைப் பெயர் வாரியத்தில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. தோளில் நீண்ட இரும்புச் சாவியோடு மாடியேறி வந்து, அதைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினார்.

“டைப்பக்கா, காட்டுத் தெரு ஜனங்க உங்களுக்குச் சொந்தமா?”

“ஏன்?”

“மூணு நாளா தினம் அந்தத் தெருவுக்கே அனுப்பறீங்க. மெயின் குழாய் உடைஞ்சு ஆறா ஓடுதுன்னு சீட்டுல இருக்கு. போய்ப் பாத்தா ரோடு காஞ்சு கெடக்கு. ஒரு பெரியவர் வாசல்ல நின்னு, ‘வந்ததுதான் வந்தீங்க, எங்க வீட்டுக் குழாய்ல வாஷர் போயிடுச்சு, மாத்திட்டுப் போங்க’ங்கறார். அடுத்த நாள் பக்கத்து வீட்டம்மா. இன்னைக்கு எதிர்வீடு. இப்ப ஊர்லயே சொட்டாத குழாய் இருக்கற ஒரே தெரு அதுதான்.”

“நான் காட்டுத் தெரு போடலையே. கொட்டகைத் தெருதான் போட்டேன்.” அவர் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். கொட்டகைத் தெரு என்றுதான் எழுதியிருந்தது. வால்வு தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் காட்டுத் தெரு என்று அச்சாகியிருந்தது.

“சரி விடுங்கக்கா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்” என்றார் வால்வு. ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதே நேரம் கொட்டகைத் தெருவில் நிஜமாகவே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கடை வைத்திருந்த ஒரு தையல்காரம்மா நான்கு நாளாகத் தினம் காலை கூப்பிட்டார். ஐந்தாம் நாள், “அம்மா, மிஷினைத் தூக்கி மேசை மேல வெச்சுட்டேன். நாளைக்கு நானும் மேசை மேல ஏறிடுவேன். அதுக்கப்புறம் ஏறறதுக்கு இடம் இல்ல” என்றார். டைப்பக்கா அதை ‘அவசரம்’ என்று மொழிபெயர்த்து அடித்தார். அந்த அவசரமும் காட்டுத் தெருவுக்கே போனது.

மாத முடிவில் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு தாள். தவறான தெருவுக்குப் போன புகார்கள் இருபத்தொன்பது. இருபத்தொன்பதும் ஒருவர் பதிந்தவை.

“புகார் குடுத்தவர் பேர் சரியா இருக்கு. கதவு எண் சரியா இருக்கு. என்ன பிரச்சினைங்கறது சரியா இருக்கு. தெரு மட்டும் வேற. என்னம்மா இது?”

“நான் சரியாத்தான் அடிச்சேன் சார்.”

“மத்த ரெண்டு பேருக்கும் அதே மிஷின், அதே மென்பொருள். ஒரு தப்பு வரலை. உங்களுக்கு மட்டும் என்னம்மா, கொம்பா முளைச்சிருக்கு?”

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நேரே தண்டனைக் குறிப்பு எழுதியிருப்பார். நல்லவரானதால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார். ‘ஞாபகக் குறைவு உள்ளதா எனப் பரிசோதித்து, பணிக்குத் தகுதி குறித்துச் சான்று அளிக்கவும்.’ தகுதி இல்லையென்று வந்தால், மீதமிருக்கும் இரண்டு வருடத்தை அடித்தளத்துப் பதிவறையில், தொலைபேசி இல்லாமல், பழைய கோப்புகளோடு கழிக்கலாம். பதினாறு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக எழுதித் தரப்பட்ட அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவரும் டைப்பக்காதான். எழுத்து மாறாமல் செய்தார்.

பதிவறைக்கு அவர் பயப்படவில்லை. பயம் வீட்டில் இருந்தது.

வீட்டில் அவரும் அவருடைய அக்காவும் மட்டும். அக்கா எட்டு வயது மூத்தவர். ஒரு மருந்துக் கடையில் இருபது வருடம் நின்றவர். எந்த மருந்து எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர். இரண்டு வருடமாக, தேடும் சொல் கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் சொல்லில் போய் நின்றுகொள்கிறார். கரண்டியைச் சாவி என்பார். தங்கையைச் சித்தி என்பார். தான் சொன்னது தவறு என்ற சந்தேகமே அந்த முகத்தில் வராது.

“சித்தி, குளிச்சாச்சா? பஸ்ஸுக்கு நேரமாச்சே” என்றார் மறுநாள் காலை.

“நான் உன் தங்கச்சி, அக்கா.”

“அது தெரியாதா எனக்கு? தங்கச்சியையும் எழுப்பு சித்தி.”

அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்று டைப்பக்காவுக்குத் தோன்றியது. முதலில் தெரு மாறும். பிறகு கரண்டி. பிறகு அக்காவுக்குச் சாப்பாடு போட யார் இருப்பார்கள்? பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, நானூற்றுப் பன்னிரண்டு தெருக்களையும் அகர வரிசையில் முணுமுணுத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண், ஏதோ வேண்டுதல் என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார். நானூற்று ஒன்பது வந்தது. மூன்று வரவில்லை. அன்று முழுவதும் அந்த மூன்று தெருக்கள் அவரைத் தின்றன. பட்டியலில் மூன்று தெருக்கள் தவறுதலாக இரண்டு முறை ஏறியிருப்பது பிறகுதான் தெரிந்தது. ஊரில் இருந்ததே நானூற்று ஒன்பது.

மருத்துவர் நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொன்னார். குறைத்தார். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தார். குடை, சாவி, வாழைப்பழம் என்று மூன்று பெயர்களைச் சொல்லி, கடைசியில் கேட்பேன் என்றார். கடைசியில் கேட்டார்.

“குடை, சாவி, வாழைப்பழம். அப்புறம் டாக்டர், போன ஏப்ரல்ல உங்க வீட்டுல மீட்டருக்கு முன்னாடி கசிவுன்னு கூப்பிட்டீங்களே, அது நின்னுடுச்சா? நீங்க திரும்பக் கூப்பிடவே இல்லை.”

மருத்துவர் பேனாவை எடுத்தார். “என்னை அனுப்பியிருக்கணும் உங்ககிட்ட” என்று சொல்லிவிட்டு, நினைவாற்றல் வயதுக்கு மீறிய நன்னிலையில் உள்ளதாக எழுதித் தந்தார்.

நல்ல செய்திதான். ஆனால் அலுவலக நடைமுறையில் நல்ல செய்திக்கும் ஒரு பின்விளைவு உண்டு. மறதி இருந்திருந்தால் அது நோய். மறதி இல்லையென்றால் அது கவனக்குறைவு. பொறியாளர் சான்றிதழைப் படித்துவிட்டு வருத்தத்தோடு, “ஞாபகம் நல்லா இருக்குன்னா, தெரிஞ்சே பண்றீங்கன்னு ஆகுதேம்மா. இப்ப நான் விளக்கம் கேட்டாகணும். ஏழு நாள்” என்றார். மூளை சரியாக இருப்பதாக நிரூபித்த குற்றத்துக்காக டைப்பக்கா படியிறங்கினார்.

ஆனால் ஒன்று நடந்திருந்தது. தன் தலை சரியாக இருக்கிறது என்று கையெழுத்தோடு தெரிந்த பிறகு, சந்தேகப்பட வேறு ஆளைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அறையில் மீதி இருந்தது கணினி மட்டும்.

அன்று மதியம், தையல்காரம்மாவின் பதினோராவது அழைப்பு. குழாயை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் தோண்டிய குழியை மூடவில்லை. டைப்பக்கா முப்பத்துநான்கு வருட ஒழுக்கத்தை மீறினார். அடித்தபடியே திரையைப் பார்த்தார்.

கொம்பை அடித்தார். பட்டியல் அசையவில்லை. க அடித்தார். ‘கடைத் தெரு’ வந்தது. கால் அடித்தார். ‘காகித ஆலைத் தெரு’ வந்தது. ட அடித்தார். ‘காட்டுத் தெரு’ வந்து நின்றது. மிச்ச எழுத்துகளை அடித்தார். அவற்றுக்குப் பொருந்தும் தெரு இல்லாததால் பட்டியல் அங்கேயே, பெரிய மனிதர் மாதிரி, அசையாமல் நின்றது. கொம்பு ஒடிந்த கொட்டகை காடாகியிருந்தது.

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இருபத்தொன்பது புகார்களின் தாளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் திரையைப் பார்த்தபடி அடித்தார். மேட்டுத் தெரு, மட்டப்பாறைத் தெருவானது. பேருந்துப் பணிமனைச் சாலை, பருத்தி ஆலைச் சாலையானது. இருபத்தொன்பதிலும் முதல் எழுத்தில் கொம்பு இருந்தது: ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, அல்லது ஐகாரத்தின் இணைக் கொம்பு. முதல் எழுத்தில் கொம்பு இல்லாத தெரு ஒன்றுகூடத் தவறவில்லை. எழுதும் பெட்டியில் கொம்பைப் பின்னால் கொண்டுபோய் வைக்கும் அந்தச் சலுகை, பட்டியலுக்குள் வரவில்லை. அங்கே ஒவ்வொரு விசையும் தனித்தனியாகவே போய்ச் சேர்ந்தது. உருட்டித் தேடும் இரண்டு பேருக்கு எந்த வரிசையும் தேவைப்படவில்லை. சரியாக அடிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் தவறாக வரும்படி அந்த ஏற்பாடு அமைந்திருந்தது.

தாளோடு மாடியேறினார்.

“சார், அன்னைக்குக் கேட்டீங்களே, கொம்பா முளைச்சிருக்குன்னு. முளைச்சிருக்கு சார். இருபத்தொன்பது.”

பொறியாளர் முதலில் மருத்துவரைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு அவரே கீழே வந்து, டைப்பக்கா சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் கொம்பு, க, கால், ட என்று அழுத்தினார். காட்டுத் தெரு வந்தது. இன்னொரு முறை அழுத்தினார். மறுபடியும் வந்தது. “அட!” என்றார். ஒரு பொறியாளர் தன் பணிக்காலத்தில் இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அரிது.

மென்பொருள் செய்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதுக்காரர், இரண்டு குழந்தைகளின் அப்பா, சட்டைப் பையில் எப்போதும் இருமல் மிட்டாய்.

“இது டிராப்டவுனோட இயல்பு மேடம். ஒரு கீ அழுத்தினா, அந்த எழுத்துல ஆரம்பிக்கற முதல் பேருக்குப் போகும். ஒரு செகண்டுக்குள்ள அடுத்ததை அழுத்தினா, ரெண்டையும் சேத்துத் தேடும். செகண்டு தாண்டிட்டா பழசை மறந்துட்டு முதல்ல இருந்து தேடும்.”

“கொம்பை அழுத்தினா?”

“கொம்புல ஆரம்பிக்கற தெரு இல்லையே. அதனால கண்டுக்காது.”

“கண்டுக்கலைன்னு யார்கிட்டயாவது சொல்லுமா?”

“சொல்லாது மேடம்.”

“தேடினது கிடைக்கலைன்னா?”

“கடைசியா எங்க நின்னுச்சோ அங்கயே நிக்கும்.”

“அதாவது தெரியலைன்னாலும் தெரிஞ்ச மாதிரி நிக்கும்.”

“தெரியலைங்கறதே அதுக்குத் தெரியாது மேடம்.”

டைப்பக்காவுக்கு வீட்டில் ஒருவர் இப்படி இருந்தார். அவர் மேல் கோபப்பட முடியாது. இதன் மேல் படலாம்.

“இதை மாத்த முடியாதா தம்பி?”

“நீங்க மெய்யெழுத்தை முதல்ல அடிச்சுப் பழகிட்டா போதுமே?”

இரண்டு நாள் பழகிப் பார்த்தார். பட்டியலில் கொம்பு பின்னால், அடுத்த பெட்டியில் முன்னால். விரல்கள் எங்கே எப்படி என்று தெரியாமல் குழம்பி, இரண்டு இடத்திலும் தவறின. மூன்றாம் நாள் மென்பொருள்காரரைத் திரும்பக் கூப்பிட்டார்.

“தம்பி, என் விரலை மாத்தறது கஷ்டமா, உங்க பட்டியலை மாத்தறது கஷ்டமா? நேர்மையாச் சொல்லுங்க.”

அவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “பட்டியலை மாத்தறது பத்துப் பதினஞ்சு வரிதான்.”

“அப்ப ஏன் மாத்தலை?”

“யாரும் கேக்கலைக்கா.” மேடம் அக்காவானது அந்த இடத்தில்தான்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வாரியத்திலிருந்து எழுத்தில் கோரிக்கை போக வேண்டும். கருத்துரு எழுத வேண்டிய கண்காணிப்பாளர் விடுப்பில் இருந்தார். விடுப்பு முடிந்து வந்த பிறகும் ஏறக்குறைய விடுப்பில்தான் இருந்தார். எனவே யாரும் எழுதித் தராத அந்தக் கடிதத்தை டைப்பக்காவே அடித்தார். கோரிக்கை மூன்று. கொம்பு வந்தால் பட்டியல் அதைப் பிடித்துவைத்து, அடுத்த எழுத்து வந்ததும் அதன் பின்னால் சேர்த்துத் தேட வேண்டும். ஒரு நொடியில் மறக்கக் கூடாது. தெருப் பெயரைப் பாதி சொல்லிவிட்டு, “இருங்க, வீட்டுல கேட்டுச் சொல்றேன்” என்று உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள், எனவே அடித்ததை, அடித்தவரே அழிக்கும்வரை பட்டியல் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது: தேடிய தெரு இல்லையென்றால் பக்கத்துத் தெருவில் போய் நிற்கக் கூடாது. காலியாகிவிட வேண்டும். தெரு காலியாக இருந்தால் புகார் பதிவாகக் கூடாது.

“மூணாவதுதான் எனக்குத் தோணவே இல்லை” என்றார் மென்பொருள்காரர். “எல்லாரும் எதையாவது காட்டணும்னுதான் கேப்பாங்க. ஒண்ணும் காட்டாதேன்னு யாரும் கேட்டதில்ல.”

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும் தம்பி. நான் பாத்துக்கறேன்.”

பொறியாளர் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டார். பிறகு படித்துவிட்டு, நன்றாக எழுதியிருப்பதாகத் தன்னையே பாராட்டிக்கொண்டார். ஒப்புதல் மேலே போய்க் கீழே வர ஐந்து வாரம் ஆனது. வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. மென்பொருள்காரர் பக்கத்தில் உட்கார, டைப்பக்கா கண்ணைக் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டு, கொம்பு முன்னாலிருக்கும் தெருக்களை வரிசையாக அடித்தார். ஒவ்வொன்றுக்கும் அவர், “வந்துடுச்சு” என்றார். ஊரில் இல்லாத ஒரு தெருவையும் டைப்பக்கா அடித்துப் பார்த்தார். “காலி” என்றார் அவர். அதைக் கேட்டபோதுதான் டைப்பக்கா சிரித்தார்.

அடுத்த மாதம் வால்வு வந்து ஒரு புகார் சொன்னார். காட்டுத் தெருவின் பெரியவர் அவரைச் சந்தையில் பிடித்து நிறுத்தி, “முன்னெல்லாம் தினம் வருவீங்களே, எங்க தெரு மேல என்ன கோபம்?” என்று கேட்டாராம்.

“என்ன சொன்னீங்க?”

“எங்க டைப்பக்காவுக்கு உங்க தெரு மறந்துபோச்சுன்னு சொல்லிட்டேன்.”

விளக்கம் கேட்ட கடிதம் திரும்பப் பெறப்படவில்லை. அப்படி ஒரு நடைமுறை இல்லை. அது கோப்பில் கிடக்கிறது, மருத்துவச் சான்றின் மேல். அந்த ஆண்டு அவருடைய பணி மதிப்பீட்டில், ‘பிழைகள் முற்றிலும் நீங்கியுள்ளன, பணியாளர் பாராட்டத்தக்க முன்னேற்றம் காட்டியுள்ளார்’ என்று பொறியாளர் நல்ல மனதோடு எழுதினார். முன்னேறியது பட்டியல் என்று டைப்பக்கா திருத்தவில்லை. அவருக்குத்தான் திருத்தும் அதிகாரம் இல்லையே. ஓய்வு பெறும் நாள்வரை அதே ஆட்ட நாற்காலியில் இருந்தார். மாலையில் வீட்டுக்குப் போய், சித்தி என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தார்.

அவர் செய்தது இது: தெருப் பட்டியல் கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கவும், அடித்ததை மறக்காமல் இருக்கவும், தேடிய தெரு இல்லாவிட்டால் காலியாக நிற்கவும் ஏற்பாடு செய்தார்.